2 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 1.81 டிபிதான் இருக்கிறதே?

கேள்வி: 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். என் விண்டோஸ் லேப்டாப்பில் 1.81 டிபி என்றுதான் காட்டுகிறது. மகளின் மேக்புக்கில் செருகினால் படங்கள் தெரிகின்றன, ஆனால் எதையும் காப்பி செய்து போட முடியவில்லை. டிஸ்க்கையே மாற்றித் தரச் சொல்லலாமா? இல்லை, ஃபார்மேட் செய்து இரண்டு பார்ட்டிஷன் போட்டால் சரியாகுமா?

பதில்: மாற்றித் தரச் சொல்ல வேண்டாம். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆகக் கணக்கிடுகிறது; அதனால் அதே இடம் விண்டோஸில் சின்ன எண்ணாகத் தெரிகிறது. டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் பாருங்கள்; மொத்த பைட் எண்ணிக்கை இரண்டு லட்சம் கோடியை ஒட்டி இருக்கும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 2 டிபி அதுதான்.

மேக்புக் பிரச்சினைக்குக் காரணம் வேறு. உங்கள் டிஸ்க், ஃபைல்களை அடுக்கிவைக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் வந்திருக்கிறது. மேக் அதைப் படிக்கும், எழுதாது. இரண்டு கணினியிலும் எழுத எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்தான் தோது. பழைய ஃபேட்32 பக்கம் போகாதீர்கள். அதில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரே ஃபைலைப் போட முடியாது; பெரிய கல்யாண வீடியோ ஒன்று போதும், காப்பி ஆகாது.

ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். அதனால் முதலில் படங்களை லேப்டாப்புக்கு மாற்றி, நாலைந்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். அப்புறம் டிரைவ் எழுத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபாருங்கள். பலர் தவறுவது இங்கேதான்: எஃப் என்று நினைத்து டி டிரைவை அழித்துவிடுவார்கள். ரைட் கிளிக், ஃபார்மேட், ஃபைல் சிஸ்டத்தில் எக்ஸ்ஃபேட், குவிக் ஃபார்மேட்டில் டிக், ஸ்டார்ட். சில நொடி வேலைதான். டிக்கை எடுத்துவிட்டால் டிஸ்க் முழுக்க எழுதிச் சரிபார்க்கும், அதற்குப் பல மணி நேரம் ஆகும்.

எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறை உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் ஃபைல்கள் கெட்டுப்போக வாய்ப்பு என்டிஎஃப்எஸ்ஸைவிட அதிகம். மகளிடமும் சொல்லிவையுங்கள்: எஜெக்ட் கொடுத்த பிறகே கழற்ற வேண்டும்.

பார்ட்டிஷன் உங்களுக்குத் தேவையில்லை என்பேன். இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் காலியாகக் கிடக்கும். 'படங்களை இரண்டு பார்ட்டிஷனிலும் வைத்தால் பத்திரம்' என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். முக்கியமான படங்களுக்கு இன்னொரு பிரதி வேறொரு டிஸ்க்கில் இருக்கட்டும்.

ஒருவேளை சில நூறு ரூபாய்க்கு '2 டிபி பென் டிரைவ்' வாங்கியிருந்தால் நான் இப்படித் தைரியம் சொல்லியிருக்க மாட்டேன். அவற்றில் போலிகள் ஏராளம். கணினியில் நிஜ 2 டிபி டிரைவ் போலவே காட்டும், ஃபார்மேட்டும் ஆகும், ஆனால் உள்ளே இருக்கும் உண்மையான இடம் தீர்ந்ததும் போடுகிற ஃபைல்கள் கெட்டுவிடும். அப்படி ஒன்று கையில் இருந்தால், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதித்துவிட்டு, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.