மாட்யூல்களாக (தனித்தனிப் பகுதிகளாக) பிரித்த மென்பொருளில் வடிவமைப்புக் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பில்லிங் மென்பொருள் பராமரிப்பதாகச் சொல்கிறீர்கள். பெட்டியும் அம்புமாக வரைந்த படத்தை நம்பாதீர்கள், அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நிரலில் செய்த மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) கருவியின் வரலாற்றைப் பாருங்கள்.

கடைசி ஒரு வருட கமிட்களை (ஒன்றாகச் சேர்த்துப் பதிந்த மாற்றங்களை) எடுத்து, 30 கோப்புகளுக்கு மேல் தொட்டவற்றைத் தள்ளிவிடுங்கள். அவை பெரும்பாலும் ஃபார்மேட்டிங், லைப்ரரி மாற்றம். மீதியில், வேறு வேறு மாட்யூலில் இருந்துகொண்டு சேர்ந்தே மாறும் கோப்பு ஜோடிகளை எண்ணுங்கள். ஒன்று 20 முறை மாறியதில் 14 முறை மற்றதும் மாறியிருந்தால், ஒரே வடிவமைப்பு முடிவு இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். மாறக்கூடிய முடிவை ஒரு மாட்யூலுக்குள் மறைத்து வைக்கச் சொல்லி கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் 1972-லேயே எழுதிவிட்டார். (வெளியீட்டுக்கு முன் எல்லா கமிட்களையும் ஒரே கமிட்டாக நசுக்கும் குழுக்களில் இந்தக் கணக்கே போட முடியாது.)

இப்படி ஒரே முடிவு பல இடத்தில் சிதறியிருக்கிறதா என்று பார்க்க, தென்னாப்பிரிக்காவில் வாட் (மதிப்புக்கூட்டு) வரியை விட நல்ல சோதனை கிடையாது. 2018 ஏப்ரல் 1 அன்று 14 சதவீதம் 15 ஆனது. "விகிதம் ஒரே கான்ஸ்டன்ட்டில்தான் (நிரலில் ஒரே இடத்தில் எழுதிய மாறா மதிப்பில்) இருக்கிறது, எங்களுக்கென்ன?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். மார்ச்சில் 14 சதவீத வரியில் விற்ற சரக்கு மே மாதம் திரும்பி வந்தால், பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட்டும் 14 சதவீதத்தில்தான் போட வேண்டும். கான்ஸ்டன்ட்டுக்கு அது தெரியாது. உடனே பில், கிரெடிட் நோட், அறிக்கை என்று ஒவ்வொரு மாட்யூலிலும் தேதி பார்க்கும் 'இஃப்' நிபந்தனை முளைக்கும். '2018' என்று நிரல் முழுக்கத் தேடிப் பாருங்கள்; பல மாட்யூல்களில் வந்தால் அதுதான் கோளாறு. விற்ற தேதியைக் கொடுத்தால் விகிதத்தைத் தரும் ஒரே ஃபங்ஷன் இருக்க வேண்டும். 2025 மே 1 முதல் 15.5 என்று அரசு அறிவித்துவிட்டு ஏப்ரல் 24 அன்று கைவிட்டதே, அப்படி அமைந்த மென்பொருளில் விகித அட்டவணையின் ஒரு வரிசையை எடுத்தால் வேலை முடிந்தது.

மாட்யூல்களுக்கிடையே சுழற்சி (ஒன்றையொன்று சார்ந்திருப்பது) இருக்கிறதா என்று, ஜாவாவில் ஜேடெப்ஸ் (jdeps) என்ற கருவி தரும் சார்புப் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால் இரண்டு மாட்யூல்கள் ஒரே டேட்டாபேஸ் டேபிளில் எழுதினால் அந்தக் கருவிக்குத் தெரியாது. டெஸ்ட் சர்வரில் மாட்யூலுக்கு ஒரு டேட்டாபேஸ் யூசர் போடுங்கள். எழுதும் உரிமை அதனதன் டேபிளுக்கு மட்டும்; படிக்கும் உரிமை எல்லாவற்றுக்கும். படிக்கும் உரிமை தராவிட்டால் அறிக்கை மாட்யூல் முதலில் விழுந்து லாகை (பதிவேட்டை) நிரப்பிவிடும். மாத முடிவு வேலைகளையும் ஓட்டிவிட்டு, அனுமதி மறுக்கப்பட்ட பதிவுகளை லாகில் தேடுங்கள்; அடுத்த மாட்யூலின் டேபிளில் எழுதுவது யார் என்று அங்கே தெரியும்.