கொழும்பில் சைக்கிள் சாமான்: ஒன்லைனா, டாம் வீதியா?

கொழும்பில் இருப்பவர் சைக்கிள் உதிரிப்பாகங்களை ஒன்லைனில் வாங்குவது நல்லதா, கடைக்குப் போய் வாங்குவது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். விலையை மட்டும் பார்த்தால் பல சாமான்களுக்கு ஒன்லைன்தான் மலிவு, அதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் சைக்கிளில் பாதிச் சாமான் இன்னொரு சாமானுக்குள் போய் உட்கார வேண்டியது. உட்காராவிட்டால் மலிவாக வாங்கி என்ன பயன்? இதை நான் ஒரு டயரிடம் படித்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள். ஒன்று அப்பாவின் பழைய றலி. கறுப்பு நிறம், கம்பி பிரேக், யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வந்தது. மற்றது 2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு நின்ற கோபத்தில் செக்கன்ட் ஹேண்டாக வாங்கிய கியர் சைக்கிள். வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியாகக் கோட்டைக்கு வேலைக்குப் போவது அதில்தான். றலி ஞாயிற்றுக்கிழமைக்கு.

றலியின் பின் டயர் ஒருநாள் வெடித்துப் போனது. பழைய டயரில் 28 × 1½ என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஒன்லைனில் தேடினால் 28 × 1.50 என்று ஒன்று, நல்ல விலைக்கு. ஒன்றரையும் ஒன்று தசம் ஐந்தும் ஒன்றுதானே, நாலாம் வகுப்புக் கணக்கு! ஓடர் போட்டேன், மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. ஞாயிறு காலை பல்கனியில் உட்கார்ந்து ஏற்றப் பார்த்தால், ஒரு பக்கம்கூட றிம்முக்குள் போகவில்லை. இரண்டு டயர் லீவர் போட்டு நெம்பினேன். போதாமல் குசினியிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து அதன் காம்பால் நெம்பினேன். கரண்டி வளைந்தது, டயர் அசையவில்லை. கரண்டியைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சு இங்கே வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை சில்லையும் இரண்டு டயர்களையும் தூக்கிக்கொண்டு 100 பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போனேன். கண்டக்டர் சில்லுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். டாம் வீதியில் சைக்கிள் கடைகள் இருப்பது தெரியும்தானே, அதில் ஒன்றில் ஏறினேன். கவுண்டரில் இருந்த நானா என் கதையை முழுதாகக் கேட்கவில்லை. புது டயரை வாங்கி டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, பக்கத்தில் பொடியாக எழும்பி நின்ற எழுத்தில் நகத்தை வைத்தார்: 40-622. அப்புறம் பழைய டயரைச் சாரத்து நுனியால் துடைத்துவிட்டு அதிலும் நகத்தை வைத்தார்: 40-635.

"தம்பி, பெரிய நம்பர பாக்காதீங்க. இந்தச் சின்ன நம்பர பாருங்க."

முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயரின் விளிம்பு றிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். நான் வாங்கியது 13 மில்லிமீட்டர் சின்ன வட்டம். விளிம்புக்குள் இருப்பது இழுபடாத கம்பி வளையம், கரண்டி வளையாமல் என்ன செய்யும்? பின்னத்தில் எழுதும் 1½ஐயும் தசமத்தில் எழுதும் 1.50ஐயும் கணக்கு வாத்தியார் ஒன்றென்பார், டயர் உலகத்தில் அவை வேறு வேறு சாதி. 26இலும் இதே கூத்துத்தான். மௌண்டன் பைக்கின் 26 × 2.0 என்றால் 559, பழைய லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ என்றால் 590. ஒன்லைன் பக்கங்களில் அநேகமாகப் பெரிய எண்ணை மட்டும்தான் போடுகிறார்கள். சின்ன எண் தெரியாமல் டயர் வாங்காதீர்கள். விற்பவரிடம் மெசேஜில் கேளுங்கள், அவருக்கும் தெரியாவிட்டால் விடுங்கள்.

நானா மேல்தட்டிலிருந்து 635 டயர் ஒன்றை இறக்கித் தந்துவிட்டு, "வீட்டில கியர் சைக்கிள் இருக்கா? மத்தத அதுக்குப் போடுங்க" என்றார். என் கியர் சைக்கிள் 700சி, அதாவது 622. பொருந்தியது. இன்றைக்கும் அதில்தான் ஓடுகிறேன்.

அதற்குப் பிறகு என் பழக்கம் இப்படி ஆகிவிட்டது. எண்ணும் மொடலும் உறுதியாகத் தெரிந்தால் ஒன்லைன். கியர் சைக்கிளுக்குச் செயின், பிரேக் கட்டை, முன் லைட், ஆறுகோணச் சாவி செட் எல்லாம் அப்படித்தான். செயினை இரண்டிரண்டாக வாங்கி வைக்கிறேன், கடற்காற்றில் எண்ணெய் விடாமல் ஒரு வாரம் இருந்தால் துரு பிடித்துவிடும். மாற்றும் காலம் வந்துவிட்டதா என்று பார்க்கக் கடைக்குப் போகத் தேவையில்லை, ஓர் இரும்பு அடிமட்டம் போதும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். 1/8 தள்ளி நின்றால் பின்னாலிருக்கும் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், இரண்டுக்கும் சேர்த்துச் செலவு. பெரிய பிராண்ட் பெயர் போட்டு அநியாய மலிவில் வரும் செயினை மட்டும் நான் தொடுவதில்லை.

பொட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பாகம்), பிரீவீல், கொட்டர் பின் (பெடல் தண்டை அச்சில் இறுக்கும் ஆணி) மாதிரியானவற்றுக்குப் பழைய சாமானைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கே போகிறேன். றலி தன் சைக்கிள்களின் பொட்டம் பிராக்கெட்டுக்கு அங்குலத்துக்கு 26 புரி வைத்தது, மற்றவை பெரும்பாலும் 24 புரி. படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பலவந்தமாக முறுக்கினால் பிரேமின் புரியே போய்விடும், அதற்கு டயர் மாதிரி இன்னொரு சைக்கிள் கைகொடுக்காது. பின் பல்சக்கரமும் அப்படித்தான். ஹப்பில் புரியால் முறுக்கி ஏற்றுவது பிரீவீல், பள்ளங்களில் சொருகி மூடியால் இறுக்குவது கசெட். பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் ஒன்றுக்குப் பதில் மற்றது போகாது.

கடைக்காரர்களை நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. முகத்தைப் பார்த்து விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள். "ஜப்பான் சாமான்" என்று சத்தியம் பண்ணித் தந்த பிரேக் கேபிள் இரண்டு மாதத்தில் இழை பிரிந்தது எனக்கு. பில் கேட்டால் சிரிப்பார்கள், பில் இல்லாமல் திருப்பிக் கொடுக்கப் போனால் சிரிக்க மாட்டார்கள். புது ரகக் கியர் சாமான் கேட்டால் பல இடங்களில் கையை விரிப்பார்கள். அதற்கு ஒன்லைனை விட்டால் வழியில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் தபால் செலவையும் சுங்கத்தீர்வையையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று முடிவெடுங்கள்.

ஒரு விஷயம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒருமுறை அதே நானாவிடம் பிரீவீலைக் காட்டி, எந்த வகை, எத்தனை பல், கழற்ற எந்தச் சாவி என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "பிறகு வாறேன்" என்று வந்து ஒன்லைனில் வாங்கினேன். மிச்சமானது இரண்டு பிளேன்ரீக் காசு. அதைக் கழற்றிப் பூட்டச் சாவி இல்லாமல் திரும்ப அவரிடமே போய் நின்றேன். ஒன்றும் சொல்லாமல் செய்து தந்தார், கூலியும் நியாயமாகத்தான் கேட்டார். பேரம் பேச வாய் வரவில்லை.

டியூப் வாங்குகிறீர்கள் என்றால் வால்வைப் பாருங்கள். ஒன்லைனில் வந்த ஒரு டியூப் மெல்லிய பிரெஸ்டா வால்வோடு வந்தது. எங்கள் ஒழுங்கை முனையில் ஒட்டுப் போடும் பாஸின் பம்பும் அதற்குச் சேரவில்லை, பெற்றோல் ஷெட்டின் காற்றுக் குழாயும் சேரவில்லை. வால்வின் தலையில் மாட்டும் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்து வாங்குங்கள்.

டாம் வீதிக்குச் சனிக்கிழமை காலை போங்கள். நான் போகும் கடைகள் ஞாயிறும் போயாவும் பூட்டு. சில்லோடு போவதென்றால் பஸ்ஸில் பின் ஆசனத்தில் ஏறிக்கொள்ளுங்கள், இரண்டு டிக்கெட்டுக்குச் சில்லறையும் வைத்திருங்கள்.