குழுவில் போடாதீர்கள், அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். 26 பிள்ளைகள். வகுப்பில் நடப்பது வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்று ஜூன் மாதம் பெற்றோரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். படங்கள், வீட்டுப்பாடம், யார் நன்றாகப் படித்தார்கள் என்றெல்லாம் போட்டேன். இப்போது ஒரு தந்தை, "என் மகள் படத்தை யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். தன் மகன் பெயர் மட்டும் வருவதே இல்லை என்று ஒரு தாய் வருத்தப்படுகிறார். பாதிப் பேர் குழுவைத் திறப்பதே இல்லை. இதற்கிடையே ஒருவர் பள்ளிக்கு வந்து, பெற்றோருக்கான செயலி ஒன்றை இலவசமாகத் தருகிறேன், பிள்ளைகளின் பட்டியலை மட்டும் கொடுங்கள் என்கிறார். குழுவைக் கலைத்துவிட்டுச் செயலிக்கு மாறலாமா?

பதில்: செயலி வேண்டாம். குழுவைக் கலைக்கவும் வேண்டாம். இன்று மாலையே குழுவின் அமைப்புப் பகுதிக்குப் போய், நிர்வாகி மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிடுங்கள். காலை வணக்கப் படங்களும், என் பையன் பென்சிலை யார் எடுத்தது என்ற விசாரணைகளும் அத்தோடு நின்றுவிடும். பிறகு ஒரே விதி. வகுப்பு முழுவதற்கும் பொதுவானது குழுவுக்கு. ஒரு பிள்ளையின் பெயர் வருவது எதுவானாலும் அந்த வீட்டுக்கு மட்டும். பாராட்டுக்கும் இதுவே விதி. மூன்று பேரைப் பாராட்டிக் குழுவில் போட்டால், மற்ற 23 வீடுகளில் அன்று இரவு ஒரு பிள்ளை திட்டு வாங்கும். அந்தத் தாயின் வருத்தம் அங்கிருந்து வந்ததுதான்.

அந்தத் தந்தை கேட்டது நியாயமான கேள்வி. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. குழந்தையின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. ஒப்புதல் தொடர்பான பகுதி அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு தாளில் இரண்டே வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: என் பிள்ளையின் படத்தை வகுப்புக் குழுவில் பகிரலாம், அல்லது பகிர வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகு வாங்குங்கள்.

"வேண்டாம்" என்று சொல்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். சாதி மாறி மணம் செய்துகொண்டு, உறவினர் கண்ணில் படாமல் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். பெயர்ப் பலகைக்குக் கீழே சீருடையில் ஒரு பிள்ளை நிற்கும் படம் போதும். தேடுகிறவர்களுக்கு ஊரும் தெரிந்துவிடும், பிள்ளை வெளியே வரும் வாசலும் தெரிந்துவிடும். அந்தத் தந்தையைப் பள்ளிக்கு வரச் சொல்லாமல் நீங்களே போய்ப் பாருங்கள். கேட்காமல் போட்டது தவறு, இனி வராது என்று சொல்லுங்கள். போட்ட படத்தை எல்லோருக்குமாக அழிக்க வாட்ஸ்அப் ஏறக்குறைய இரண்டரை நாள்தான் அவகாசம் தருகிறது. அது கடந்திருந்தால், படத்தைத் தங்கள் போனிலிருந்து நீக்கும்படி மற்றப் பெற்றோரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இனி களிமண் பொம்மையைப் படம் எடுங்கள், பிள்ளைகள் எழுதிய கரும்பலகையை எடுங்கள், விதை ஊன்றும் கைகளை எடுங்கள். முகம் இல்லாமலே வகுப்பைக் காட்ட முடியும்.

இதைவிடக் கெடுதலான ஒன்று நல்ல ஆசிரியர்களின் குழுக்களிலேயே நடக்கிறது. "சாதிச் சான்றிதழ் இன்னும் தராதவர்கள்" என்று ஊக்கத்தொகைக்காகப் பெயர்ப் பட்டியல் போடுவார்கள். எந்தப் பிள்ளை எந்தச் சாதி என்பதை ஊரறிய ஒட்டியதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அதேபோல நிலைப் பட்டியல். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது முதல் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பார்க்கிறோம். அது ஆசிரியர் தன் பாடத்தைத் திட்டமிடுவதற்கான ஏற்பாடு. அந்தப் பட்டியல் குழுவுக்குப் போனால், மறுநாள் குழாயடியில் "உன் பிள்ளை இன்னும் அரும்பா?" என்ற கேள்வி வந்து நிற்கும்.

பெற்றோருக்கு நிலையின் பெயர் தேவையில்லை. என்ன தெரிகிறது, எங்கே தடுமாறுகிறது என்பது தேவை. "கவின் நேற்றுவரை துணைக்கால் வந்த சொற்களை மட்டும் படித்தான். இன்று 'கொக்கு', 'தேள்' இரண்டையும் தானே படித்தான். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இன்னும் குழப்புகின்றன. கடைப் பலகையில் அந்த எழுத்து வந்தால் படிக்கச் சொல்லுங்கள்." இது ஒரு தாய்க்குப் புரியும். பேருந்துக்குக் காத்திருக்கும்போது அவரால் செய்யவும் முடியும். "முன்னேற்றம் தேவை" என்று எழுதி அனுப்பினால் பிள்ளைக்கு ஓர் அடி விழுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

குழுவுக்குப் போவது வாரம் ஒரு செய்தியாக இருக்கட்டும். அந்த வாரம் வகுப்பில் நடந்த ஒன்றையும், இரவில் பிள்ளையிடம் கேட்கத்தக்க ஒரு கேள்வியையும் சொல்லுங்கள். "இந்த வாரம் மணி பார்க்கப் பழகுகிறோம். சாப்பிட உட்கார்ந்தபோது மணி என்ன, எழுந்தபோது என்ன என்று கேளுங்கள்." அதற்குமேல் வேண்டாம். "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்லும். கேட்க ஒரு கேள்வியைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு தானாக வளரும்.

பாதிப் பேர் திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்கு அனுப்புகிறீர்கள்? பகலில் தாய் நூறு நாள் வேலையிலோ மில்லிலோ இருப்பார். பல வீடுகளில் ஒரே போன்தான்; அது தந்தையோடு திருப்பூருக்குப் போய்விட்டு இரவில்தான் வீடு திரும்பும். ஏழு மணிக்குமேல் அனுப்புங்கள். எழுத்தாக அனுப்பாமல் உங்கள் குரலில் அனுப்புங்கள், ஒரு நிமிடத்துக்குள். படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்பார். ஆசிரியையின் குரல் என்றால் பிள்ளையும் ஓடிவந்து காதைக் கொடுக்கும்.

எண்ணையும் சரிபாருங்கள். எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், இருப்பது சேர்க்கையின்போது கொடுத்த எண்; சில பிள்ளைகளுக்கு அது மாமாவுடையதாக இருக்கும், சிலருக்கு ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருக்கும். காலாண்டு விடுமுறை முடிந்ததும் ஒருமுறை, பொங்கல் முடிந்ததும் ஒருமுறை, வாசலில் பிள்ளையை விடவரும் ஆளிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாசலை விட்டுவிடாதீர்கள். விடிவதற்குமுன் வேலைக்குப் போகும் தாய்க்கு முதலில் தெரிய வேண்டியது பிள்ளை சாப்பிட்டதா என்பதுதான். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. தட்டில் மிச்சம் வைக்கும் பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். "இரண்டு நாளாகக் காலை உணவைத் தொடவில்லை, வயிறு சரியில்லையா பாருங்கள்" என்று அழைக்க வந்த பாட்டியிடம் ஒரு சொல் சொன்னால், அந்த வீடு உங்களை நம்பிவிடும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்வதை ஆசிரியரின் கடமையாக வைத்திருக்கிறது. படம் போடுவதை அந்தப் பிரிவு கேட்கவில்லை.

படம் கேட்பது நம் துறை. மரம் நட்டால் படம், உறுதிமொழி எடுத்தால் படம், கைகழுவினால் படம், பெற்றோர் கூட்டம் நடந்தால் அதற்கும் படம். கூட்டத்தில் என்ன பேசினீர்கள் என்று மேலிருந்து ஒருவரும் கேட்பதில்லை. எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கப் படம் வேண்டும். இரண்டு ஆசிரியர்களை வைத்து ஐந்து வகுப்புகளை நடத்தும் பள்ளியில், ஒருவர் கையில் எந்நேரமும் போன் இருந்தால் பாடம் எங்கே நடக்கும்? துறைக்கு அனுப்பியே ஆக வேண்டிய படம் என்றால் பின்னாலிருந்து எடுத்து அனுப்புங்கள். அதே படத்தைப் பெற்றோர் குழுவிலும் போடும் பழக்கம் அங்கிருந்துதான் நமக்கு ஒட்டிக்கொண்டது.

இனி, செயலி கொண்டுவந்தவர். இவர்கள் பள்ளிக்கு வரும் முறை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் நாள் தலைமை ஆசிரியருக்குச் சால்வை. அடுத்த நாள் "மாதிரிப் பள்ளியாக உங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்ற பேச்சு. மூன்றாம் நாள் எக்செல் பட்டியல்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் தொழில், போன் எண். இலவசம் என்கிறார்களே, செயலி எழுதியவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியல்தான் விலை. ஏப்ரலில் தனியார் பள்ளிகளின் சேர்க்கை முகவர்கள் நம் பெற்றோரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். டியூஷன் நடத்துகிறவர், காப்பீடு விற்கிறவர், கைவினை வகுப்புக்காரர் எல்லோரும் அழைக்கிறார்கள். எண் எங்கிருந்து போயிற்று என்று கடைசியில் பெற்றோர் கேட்கப்போவது உங்களைத்தான். அடையாள அட்டை அச்சடிக்க வருகிறவரிடமும் கவனம் வேண்டும். அட்டையில் அச்சாகாத விவரம் ஒன்றையும் அவருக்குத் தராதீர்கள், வேலை முடிந்ததும் கோப்பை உங்கள் கண்முன் அழிக்கச் சொல்லுங்கள்.

"சிறந்த ஆசிரியர்" விருது தருவதாக வருபவர்கள் இன்னொரு வகை. உங்கள் வகுப்பின் வீடியோ வேண்டும், பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்பார்கள். பணம் போவது உங்களுடையது. வீடியோவில் போவது பிறர் வீட்டுப் பிள்ளைகள். இளம் ஆசிரியர்கள் பலர் இதில் விழுவதைப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. செயலிக்காரர் மறுபடி வந்தால், வட்டாரக் கல்வி அலுவலரின் எழுத்து மூலமான ஆணை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். "வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்" என்றால் வாசலைக் காட்டுங்கள்.

இவ்வளவும் எல்லா வீட்டுக்கும் பொருந்தும், ஒன்றைத் தவிர. தாயும் தந்தையும் பிரிந்து வாழும் வீடு. இதில் ஆசிரியர்கள் அறியாமல் பெரிய தீங்கு செய்துவிடுகிறோம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். கணவனின் அடிக்குப் பயந்து தாய்வீடு வந்த பெண் புதிய எண் வாங்கியிருப்பார். பிள்ளைக்காக அதை உங்களிடம் தருவார். நீங்கள் குழுவில் சேர்ப்பீர்கள். அந்தக் குழுவில் கணவனும் இருப்பார், இல்லாவிட்டால் கணவனின் அண்ணி இருப்பார். அன்று இரவே அழைப்பு வரும். ஆகவே இப்படிப்பட்ட தாயின் எண்ணைக் குழுவில் சேர்க்காமல், வாரச் செய்தியை அவருக்குத் தனியாக அனுப்புங்கள். இரண்டு மூன்று பேர் இருந்தால் ப்ராட்காஸ்ட் பட்டியல் போடலாம். அதில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். அவர்கள் முன்னிலையிலேயே சேமிக்கச் செய்யுங்கள்.

தந்தை பள்ளிக்கு வந்து, "நான்தான் காப்பாளர், தாய் எங்கே இருக்கிறாள் என்று சொல்லுங்கள்" என்று கேட்பார். இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தில் தந்தையின் பெயர்தான் முதலில் வருகிறது. அதைக் காட்டி மிரட்டுகிறவர்கள் உண்டு. தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பது உங்கள் வேலை அன்று. நீதிமன்ற உத்தரவு இருந்தால் நகலை வாங்கித் தலைமை ஆசிரியரிடம் வையுங்கள், அதில் உள்ளபடி நடங்கள். உத்தரவு இல்லையென்றால், படிப்பைப் பற்றிக் கேட்கும் இருவருக்கும் ஒரே செய்தியைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒருவருடைய முகவரியையோ எண்ணையோ மற்றவருக்குத் தராதீர்கள். மாலையில் பிள்ளையை வழக்கமாக அழைத்துப்போகும் ஆளோடு மட்டும் அனுப்புங்கள். புதிதாக யார் வந்தாலும், அது பெற்ற தந்தையாகவே இருந்தாலும், வழக்கமாக வருபவருக்கும் தலைமை ஆசிரியருக்கும் சொல்லாமல் விடாதீர்கள். தகராறு முற்றினால் 1098-ஐ அழையுங்கள். "அப்பா நல்லவரா, அம்மா நல்லவளா" என்று பிள்ளையிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கடைசியாக உங்கள் போன். இரவு எட்டரைக்கு மேல் எடுக்க மாட்டேன், அவசரமென்றால் தலைமை ஆசிரியரை அழையுங்கள் என்று அடுத்த வாரச் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். பள்ளி மாறிப்போன பிள்ளைகளின் பெற்றோரைக் குழுவிலிருந்து நீக்குங்கள், பழைய அழைப்பு இணைப்பை மாற்றுங்கள். அந்தத் தந்தையைப் பார்க்க நாளைக்கே போங்கள்.