கடுகளவு முட்டையும் கச்சான் காலமும்

நீரிலேயே வாழும், பல்லி உருவிலான அக்சலோட்டில் என்ற சலமந்தரை வளர்ப்பவர்கள் நம் திருகோணமலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவருகிறார்கள். போன மாரியில் வாங்கிய குட்டிகள் இப்போது பெரிதாகி முட்டையிடும் பருவத்துக்கு வந்திருக்கின்றன போலும். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் முட்டையையும் குஞ்சையும் பற்றியவை.

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி: ஐயா, ஆணும் பெண்ணுமாக இரண்டு வைத்திருக்கிறேன். சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் கருவி) இல்லை, தொட்டிக்கு மேலே சிறிய மின்விசிறி மட்டும் ஓடுகிறது. இனப்பெருக்கம் செய்யலாமா?

இப்போது வேண்டாம், தங்கச்சி. இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்.

அக்சலோட்டிலின் சொந்த இடம் மெக்சிகோ நகரத்தின் ஓரத்திலுள்ள சொச்சிமில்கோ ஏரி. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலே இருக்கும் குளிர்ந்த நீர் அது. 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இந்த உயிருக்குச் சுகம். 24ஐத் தாண்டினால் உடல் வாடத் தொடங்கும், சாப்பாட்டை மறுக்கும், தோலில் பூஞ்சணம் பிடிக்கும். நம் ஊரில் கச்சான் வீசும் மாதங்களில் நிழலில் வைத்த வாளித் தண்ணீரே 29, 30 பாகையில் நிற்கிறது. கச்சான் உலர்ந்த காற்று என்பதால் மின்விசிறி அப்போது நன்றாகவே வேலை செய்யும், மூன்று நான்கு பாகை இறக்கும். அப்படி இறக்கினாலும் 26 தான். மாரியில் வெளிவெப்பம் குறைவு, ஆனால் காற்றில் ஈரம் அதிகம், அதனால் விசிறி இறக்கும் அளவும் குறைந்துவிடும். இரண்டு பருவத்திலும் 18ஐ எட்ட முடியாது.

சூடான நீரிலும் சில சோடிகள் முட்டையிடத்தான் செய்யும். ஆனால் அந்த முட்டைகளில் நிறைய அழுகிப்போகும், பொரிப்பவற்றிலும் ஊனமானவை அதிகம். ஆகவே முதலில் சில்லர். அதை வாங்கி, தொட்டி மூன்று மாதமாவது 18இல் அசையாமல் நின்றபின் முட்டையைப் பற்றி யோசியுங்கள். இப்போதைக்கு இரண்டையும் தனித்தனித் தொட்டியில் விடுங்கள். ஆணை அதன் வாலடியில் இருக்கும் வீக்கத்தைக் கொண்டு அடையாளம் காணலாம், பெண்ணுக்கு அந்த இடம் தட்டையாக இருக்கும். பெண் ஒன்றரை வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஒருமுறை முட்டையிட்ட பெண்ணுக்கு ஆறு மாதமாவது ஓய்வு தேவை. ஒரே தொட்டியில் இருந்தால் ஆண் அதற்கு ஓய்வே கொடுக்காது.

உவர்மலை வாசகர்: சில்லர் இருக்கிறது. காலையில் எழும்பிப் பார்த்தால் செடியெல்லாம் முட்டை! என்ன செய்வது?

முதலில் முட்டையைச் செடியோடு சேர்த்து எடுங்கள், அல்லது பெற்றோரை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். தாயும் தகப்பனும் தங்கள் முட்டையையே தின்றுவிடும், அதில் அவற்றுக்குக் கூச்சம் கிடையாது. தொட்டியின் அடியில் வெள்ளை நுனியோடு சின்னச் சின்னக் கூம்புகள் ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். அவை ஆண் வைத்துவிட்டுப் போன விந்துப் பொதிகள். பெண் அதன்மேல் நகர்ந்து உள்ளெடுத்துக்கொண்டு, ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கும். ஒரு முறையில் நூறும் வரலாம், ஆயிரமும் வரலாம்.

முட்டை, கூழுக்குள் வைத்த கடுகுபோல இருக்கும். நான்கைந்து நாளில் அந்தக் கடுகு நீண்டு பயறு வடிவாகும், அப்புறம் தலையும் வாலும் பிரியும். பொரிக்கும் முன் கைவிளக்கு அடித்துப் பார்த்தால் உள்ளே அது புரளுவதைக் காணலாம். எத்தனை வருடமாகப் பார்த்தாலும் எனக்கு அது அலுப்பதே இல்லை. 20 பாகையில் ஏறக்குறைய இரண்டு கிழமையில் பொரிக்கும், 18இல் இன்னும் சில நாள் கூடும். வெள்ளையாகிப் பஞ்சுபோலப் படர்ந்தவற்றைத் தினமும் எடுத்து எறியுங்கள், பக்கத்திலுள்ளவற்றுக்கும் பூஞ்சணம் தொற்றும். ஒரு எச்சரிக்கை: தாய் அல்பினோ, அதாவது கறுப்பு நிறமி இல்லாதது, என்றால் முட்டை தொடக்கத்திலிருந்தே வெள்ளையாகத்தான் இருக்கும். செத்தது என்று நினைத்து நல்ல முட்டையை எறிந்தவர்கள் உண்டு.

எத்தனையை வளர்ப்பது என்பதையும் இன்றைக்கே முடிவு செய்யுங்கள். முப்பதுக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை முதல் இரண்டு மூன்று நாளுக்குள், உரு வளர முன்பே, பிரீசரில் வைத்து முடித்துவிடுங்கள். மனம் கேட்காது, தெரியும். ஆனால் ஐந்நூறு குஞ்சைப் பொரிக்கவிட்டுப் பட்டினியால் ஒவ்வொன்றாகச் சாகப் பார்ப்பது அதைவிடக் கொடுமை.

திருக்கடலூர் வாசகர்: பொரித்து மூன்று நாள். அவித்த முட்டை மஞ்சட்கருவைத் தூளாக்கிப் போடுகிறேன், ஒன்றும் தின்னவில்லை. நாலைந்து செத்துவிட்டன.

மஞ்சட்கருவை இன்றே நிறுத்துங்கள். குடம்பிகளுக்கு, அதாவது பொரித்த குஞ்சுகளுக்கு, அசைவதுதான் உணவு. கண்முன் துடிக்காத எதையும் அவை வாயால் தொடாது. மஞ்சட்கரு அடியில் தங்கி, தண்ணீரை அழுகவைத்து, அமோனியாவைக் கூட்டும். உங்கள் குஞ்சுகள் இறந்தது பெரும்பாலும் அதனால்தான்.

பொரித்த முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றில் மிச்சமிருக்கும் கருவிலேயே அவை வாழும். அதன்பின் உயிருள்ள ஆர்ட்டீமியாக் குஞ்சு வேண்டும், உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிர் அது. இந்த ஒரு விஷயத்தில் நம் ஊரைப்போல வசதியான ஊர் இல்லை. குளிர்நாட்டில் ஆர்ட்டீமியா பொரிக்கத் தண்ணீரைச் சூடாக்குவார்கள். அதற்கு வேண்டிய 28 பாகை நம் வீட்டு வெப்பத்திலேயே இருக்கிறது. உப்புநீருக்குக் கடல் இருக்கிறது, அதிலும் திருக்கடலூரில் இருக்கும் உங்களுக்கு நடைதூரம். வள்ளங்கள் நிற்கும் இடத்திலும் கழிவு வாய்க்கால் விழும் இடத்திலும் எடுக்காமல், சற்றுத் தள்ளி, சுத்தமான இடத்தில் எடுத்துத் துணியால் வடியுங்கள். மூன்று பங்கு கடல்நீருக்கு ஒரு பங்கு குளோரின் போன நன்னீர் சேர்த்தால் அளவு சரியாக வரும்.

ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லீற்றர் நீருக்குக் கால் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை. காற்றுக்குழாயைக் கீழ்வரை விட்டு நன்றாகக் குமிழியிட வையுங்கள், பக்கத்தில் ஒரு மின்குமிழ் எரியட்டும். ஒரு நாளில் பொரித்துவிடும். அப்புறம் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் கோது மேலே மிதக்கும், செம்மஞ்சள் குஞ்சுகள் கீழே கூடும். அடியில் கைவிளக்கைக் காட்டினால் இன்னும் நன்றாகத் திரளும். அந்தப் பகுதியை மட்டும் குழாயால் உறிஞ்சி, நெருக்கமான பருத்தித் துணியில் வடித்து, நன்னீரில் அலசிக் கொடுங்கள். அலசாமல் கொடுத்தால் உப்பும் சேர்ந்து போகும்.

தின்றதா என்று சந்தேகப்படத் தேவையில்லை. குடம்பியின் உடல் கண்ணாடிபோல, வயிறு செம்மஞ்சளாகத் தெரியும். ஒரு நாளுக்கு இரண்டு தடவை கொடுங்கள். நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரத்தில் செத்துவிடும். மிச்சத்தை மருந்து ஊசியின் குழாயால் உறிஞ்சி எடுத்து, தினமும் தண்ணீரை முழுதாக மாற்றுங்கள். புதுத் தண்ணீரும் அதே குளிரில் இருக்க வேண்டும். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கிண்ணியா வாசகர்: நுளம்புக் குடம்பி இலவசமாகக் கிடைக்கிறதே, வாளியில் வளர்த்துக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. 2017இல் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நுளம்பு பெருகும் நீரை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமும்கூட. சட்டம் கிடக்கட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன சொல்வீர்கள்? அதற்குப் பதிலாக டாப்னியா என்ற சின்னஞ்சிறு நீர்த்தெள்ளை வளர்க்கலாம். பாசி பிடித்த பச்சைத் தண்ணீரில் தானாகப் பெருகும். வாளியின் வாயை நுளம்புவலையால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். குளத்தில் அள்ளிய டாப்னியாவை நேரே போடாதீர்கள், அதோடு வரும் தும்பிக் குடம்பி உங்கள் குஞ்சுகளைப் பிடித்துத் தின்றுவிடும்.

அதே வாசகர்: சிலவற்றின் முன்கால்களைக் காணவில்லை.

மற்றவை கடித்துவிட்டன. இரண்டு சென்ரிமீற்றர் அளவில் முன்கால் வரும்போது தொடங்கி, ஆறேழு சென்ரிமீற்றர் ஆகும்வரை இந்தக் கடி இருக்கும். கால் திரும்ப முளைக்கும். அளவு பார்த்துப் பிரியுங்கள், வயிறு காயவிடாதீர்கள்.

லிங்கநகர் வாசகி: என்னுடையது வெள்ளை ஆண், கறுத்த பெண். குஞ்சு என்ன நிறத்தில் வரும்?

கண் கறுப்பாக இருக்கும் வெள்ளைதானே? அந்த வெள்ளை ஒடுங்கிய பண்பு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். உங்கள் பெண் அதை மறைவாகச் சுமந்தால் ஏறக்குறையப் பாதிக் குஞ்சு வெள்ளை, சுமக்காவிட்டால் எல்லாமே கறுப்பு. நிறத்தைவிட முக்கியமாக, இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்தவையா என்று வாங்கிய இடத்தில் விசாரியுங்கள். உடன்பிறந்தவை என்றால் சேர்க்க வேண்டாம்.

சீனன்குடா வாசகர்: கரண்ட் போனால் குஞ்சுகளை எப்படிக் காப்பாற்றுவது?

2022 பங்குனியில் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அன்று என்னிடம் ஒரு மாதக் குஞ்சுகள் நாற்பது இருந்தன. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களில் தனித்தனியாக மேசையில் வைத்திருந்தேன். மாலையில் தண்ணீர் 28ஐத் தொட்டது. விடியும்போது பதினொன்றுதான் மிச்சம். இன்றும் அது எனக்கு உறுத்தல்.

சிறிய டப்பா மிக விரைவாகச் சூடாகும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். இப்போது டப்பாக்களை மீன் ஏற்றும் பெரிய ரெஜிபோம் பெட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் மிதக்கவிடுகிறேன். கரண்ட் போனால், பிரீசரில் எப்போதும் உறைந்திருக்கும் போத்தல் ஒன்றை அந்த வெளித் தண்ணீரில் போட்டு மூடிவிடுவேன். ஐஸைக் குஞ்சுகளின் நீரில் நேரே போடக்கூடாது, திடீர்க் குளிரும் அவற்றைக் கொல்லும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

பாடசாலை மாணவர் ஒருவர்: மாமா, அயடீன் போட்டால் அக்சலோட்டில் தரைக்கு வந்து நடக்குமாமே?

நல்ல கேள்வி, தம்பி. 1864இல் மெக்சிகோவிலிருந்து 34 அக்சலோட்டில்கள் பாரிஸுக்குப் போயின. அவற்றில் ஆறை வைத்து வளர்த்த ஒகஸ்ட் துமேரில் என்ற விலங்கியலாளர், அடுத்த வருடம் கிடைத்த குஞ்சுகளில் சில தம் பூக்களை, அதாவது தலையின் இருபுறமும் விரிந்திருக்கும் செவுள்களை, இழந்து தரைச் சலமந்தராக மாறியதைக் கண்டு திகைத்துப்போனார். இவை பொதுவாகக் குடம்பி உருவிலேயே வயதுக்கு வந்து முட்டையிடுபவை என்பது பிறகுதான் விளங்கியது. தைரொயிட் ஓமோனையோ அயடீனையோ கொடுத்தால் சில உருமாறும், உண்மை. ஆனால் அந்த முயற்சியில் நிறையச் சாகும், தப்பியதும் அதிக நாள் வாழாது. செய்யாதே. அதன் பூக்கள் தண்ணீரில் விசிறிபோல அசைவதைப் பார், அதுவே போதும்.

தம்பலகாமம் வாசகர்: மிஞ்சிய குஞ்சுகளைக் கந்தளாய்க் குளத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமா?

பிழைக்காது, அந்த வெயிலில் அதிக நாள் தாங்காது. சாகும் முன் அதன் தோலிலுள்ள பூஞ்சணத்தை நம் தவளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். உலகெங்கும் தவளை இனங்களை அழித்த கைட்ரிட் பூஞ்சணத்தை அக்சலோட்டில்களும் சுமக்கக்கூடும். தொட்டித் தண்ணீரைக்கூட வாய்க்காலில் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். குஞ்சுகளை ஏழெட்டு சென்ரிமீற்றர்வரை வளர்த்து, அறுத்த மண்புழு தின்னப் பழக்கி, சில்லர் வைத்திருப்பவருக்கு மட்டும் கொடுங்கள். கொடுக்கும் முன் அவர் வீட்டுத் தொட்டியில் வெப்பமானியை வைத்து நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.