புரோகிராம் ஓடுகிறது, விண்டோவைக் காணோம்

கேள்வி: ஒயிட்ஃபீல்டு அலுவலகத்தில் லேப்டாப்பின் இடப்பக்கம் இன்னொரு மானிட்டரை வைத்து வேலை பார்க்கிறேன். அல்சூரில் வீட்டுக்கு வந்து திறந்தால், கணக்கு சாஃப்ட்வேர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. கீழே டாஸ்க்பாரில் ஐகான் இருக்கிறது. கிளிக் செய்தால் ஒன்றும் தெரிவதில்லை. ரீஸ்டார்ட் செய்தும் பலனில்லை. அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்கிறார் அண்ணன். செய்யலாமா?
- வாசகி ஒருவர், பெங்களூரு

பதில்: வேண்டாம், அழிக்காதீர்கள். டாஸ்க்பார் ஐகான் மேல் மவுஸை வைத்துப் பாருங்கள். சின்னதாக ஒரு படம் எழும்பி, அதில் உங்கள் கணக்குப் பக்கம் தெரிந்தால் சாஃப்ட்வேருக்கு ஒரு குறையும் இல்லை. ஒயிட்ஃபீல்டில் விட்டுவிட்டு வந்த மானிட்டர் இருந்த இடத்தில் போய் அது திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாத் திரைகளையும் சேர்த்து ஒரே பரப்பாகத்தான் விண்டோஸ் கணக்கிடுகிறது. முதன்மைத் திரையின் இடது மேல் மூலை பூஜ்யம். அதற்கு இடப்பக்கம் 1920 பிக்சல் அகல மானிட்டரை வைத்தால், அது மைனஸ் 1920-இல் தொடங்கும். பல புரோகிராம்கள் மூடும்போது தாங்கள் இருந்த இடத்தை இந்த எண்களில் குறித்து வைத்துக்கொள்கின்றன. மறுநாள் திறக்கும்போது, அங்கே இன்னும் திரை இருக்கிறதா என்று சில புரோகிராம்கள் பார்ப்பதில்லை. குறிப்பு டிஸ்கில் இருப்பதால் ரீஸ்டார்ட் செய்தாலும் அழியாது. அன்இன்ஸ்டால் செய்தாலும் இந்த மாதிரி செட்டிங்குகள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். லைசென்ஸ் போடும் வேலைதான் மிச்சம்.

சரி, விண்டோவை இழுத்து வரும் வழி. ஐகானை ஒருமுறை கிளிக் செய்யுங்கள், அல்லது ஆல்ட் டேப் அழுத்தி அந்தப் புரோகிராமுக்குப் போங்கள். அப்புறம் ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி, விட்டுவிட்டு, எம் எழுத்தைத் தட்டுங்கள். எதுவும் நடக்காத மாதிரிதான் இருக்கும், பயப்பட வேண்டாம். இப்போது ஏதாவது ஒரு அம்புக்குறி விசையை ஒருமுறை தட்டிவிட்டு மவுஸை நகர்த்துங்கள். விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு திரைக்குள் வந்துவிடும். கிளிக் செய்து அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆல்ட் ஸ்பேஸுக்கு அசையவில்லையா? ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு டாஸ்க்பார் ஐகானை ரைட் கிளிக் செய்தால் மெனு வரும். அதில் 'மூவ்' இருக்கும். அது மங்கலாக இருந்தால் விண்டோ மினிமைஸ் ஆகியிருக்கலாம், பெரிதாக்கப்பட்ட நிலையிலும் இருக்கலாம். முதலில் 'ரீஸ்டோர்' கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். விண்டோஸ் விசையோடு மேல் அம்புக்குறியை அழுத்தினாலும் சில சமயம் வந்துவிடும்.

வீட்டில் டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். டிவி அணைந்திருந்தாலும் அதை இரண்டாவது திரையாகவே விண்டோஸ் எடுத்துக்கொள்வதுண்டு.

டாஸ்க்பாரிலேயே ஐகான் இல்லை, டாஸ்க் மேனேஜரில் மட்டும் பெயர் இருக்கிறது என்றால் அது வேறு கதை: புரோகிராம் பாதியில் சிக்கிக்கொண்டிருக்கலாம். அங்கே 'எண்ட் டாஸ்க்' கொடுத்து மறுபடி திறக்கலாம். ஆனால் உங்கள் விஷயத்தில் அதற்கு அவசரப்படாதீர்கள். சேமிக்காத வவுச்சர் பதிவு ஏதாவது உள்ளே இருந்தால் அது போய்விடும்; கணக்கு எழுதுபவருக்கு அந்த வலி தெரியும்.

விண்டோ வந்ததும் அதை நடுவில் வைத்து, வழக்கமான முறையில் ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள். பெரும்பாலான புரோகிராம்கள் மூடும்போதுதான் புது இடத்தைக் குறித்துக்கொள்ளும். இனி மாலையில் மானிட்டர் கேபிளைக் கழற்றும் முன், கணக்கு விண்டோவை லேப்டாப் திரைக்கு இழுத்துவந்து மூடுங்கள்.