பிளேன்ரீ நிறத் தண்ணீரில் கடற்பாசி வளருமா?

கேள்வி: யாழ்ப்பாணத்து அராலிப் பக்கம் நீரேரியில் கயிறு கட்டிக் கடற்பாசி (கப்பாபைகஸ்) வளர்க்கிறேன். கார்த்திகை மழையோடு தண்ணீர் பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) நிறமாகிவிடுகிறது. இடுப்பளவு ஆழத்தில் கால் தெரிவதில்லை. அடியில் சாதாளையும் (கடற்புல்) மெலிந்துவிட்டது. யாரோ கழிவு விடுகிறார்கள் என்று பக்கத்தில் சொல்கிறார்கள். வெளிச்சம் போதாமல் பாசி கெட்டுப்போகுமா? கயிற்றைக் கழற்றவா?

பதில்: நிறத்தைப் பார்த்துக் கயிற்றைக் கழற்ற வேண்டாம். உப்பை அளந்து பார்த்து முடிவெடுங்கள்.

வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுவது. வலிகாமத்து வயல்களையும் குளங்களையும் கழுவிக்கொண்டு அது நீரேரியில் விழும்போது, அங்கெல்லாம் உக்கிக் கிடந்த இலைகுழை, வைக்கோல், பனையோலை எல்லாவற்றின் சாயமும் அதில் கரைந்து வருகிறது. ஹியூமிக் பொருட்கள் என்று சொல்வது இந்தச் சாயத்தைத்தான். சோளகக் (தென்மேற்குக் காற்றுக்) காலக் கலங்கல் வேறு. அது காற்றுக் கிளறிய சேறு, காற்று விழுந்தால் படியும். கரைந்த சாயம் படியாது. நிறமில்லாத போத்தலில் தண்ணீரை எடுத்து, வெயில் படாத மூலையில் ஓரிரவு வையுங்கள். மறுநாள் அசைக்காமல் வெள்ளைத் தாளின்மேல் நிறுத்தி மேலிருந்து பாருங்கள். அடியில் மண் படிந்தும் மேல்நீர் மஞ்சளாகவே நின்றால், அது சாயம்.

இந்தச் சாயம் எல்லா ஒளியையும் ஒரே அளவில் விழுங்குவதில்லை. புற ஊதாவையும் நீலத்தையும்தான் அதிகம் பிடிக்கும். பச்சை, மஞ்சளுக்குப் போகப் போக அதன் பிடி வேகமாகத் தளர்ந்துவிடும். சிவப்பைத் தண்ணீரே உறிஞ்சுகிறது. இரண்டு மீற்றருக்குள் பாதிக்குமேல் போய்விடும். ஆகவே அடியில் எஞ்சுவது பச்சையும் மஞ்சளும். பச்சையம் விரும்புவதோ நீலத்தையும் சிவப்பையும். சாதாளை மெலிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். சில வாரம் என்றால் மண்ணுக்குள் இருக்கும் தண்டில் சேமித்ததை வைத்து அது தாக்குப்பிடிக்கும். மாரிச் சாயத்தின் பின்னால் சேற்றுக் கலங்கலும் தொடர்ந்தால்தான் பாடு.

உங்கள் பாசியின் கதை வேறு. பார்வைக்குப் பச்சையாக இருந்தாலும் கப்பாபைகஸ் சிவப்புப் பாசி இனம். அதிலுள்ள பைக்கோஎரித்ரின் என்ற நிறமி பச்சை ஒளியையும் பயன்படுத்தும். மேலும் உங்கள் கயிறு மேல்மட்டத்தில் தொங்குகிறது. நிறத்தால் வளர்ச்சி சற்று மந்தமாகலாம், அவ்வளவே.

ஆனால் அந்த நிறத்தைக் கொண்டுவருவது நன்னீர். கடல்நீரின் உப்பு ஆயிரத்துக்கு 35 அளவில் இருக்கும். அது 25ஐ நெருங்கும்போதே நான் கவலைப்படத் தொடங்குவேன். 20க்கு இறங்கினால் கிளைகள் வெளுத்து உடையும் 'ஐஸ்-ஐஸ்' நோய்க்கு வழி திறந்துவிடும். காற்றில்லாத நாட்களில் நன்னீர் மேலே மிதக்கும், அதாவது சரியாக உங்கள் கயிறு இருக்கும் மட்டத்தில். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பளக்கும் கருவியால் மேல்நீரையும் மூன்றடி ஆழத்து நீரையும் தனித்தனியே அளந்து பாருங்கள். கீழே உப்புக் கூட என்றால் கயிற்றைத் தாழ்த்துங்கள். இரண்டிடத்திலும் குறைவென்றால் விதைப்பாசியை உப்புக் கூடிய இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எவ்வளவு தாழ்த்தலாம் என்பதற்கு வெளிச்சக் கணக்கு வேண்டும். 20 சென்ரிமீற்றர் அகல வெள்ளைத் தட்டில் பாரம் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் நண்பகலில் இறக்குங்கள். 1865இல் அஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் செய்த முறைதான்; இன்றும் இதைவிட மலிவான கருவி கிடையாது. தட்டு மறையும் ஆழத்தில் மேற்பரப்பு ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இருக்கும். மூன்றடியில் மறைந்தால், நான்கடியில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்று. கடற்புற்கள் பலவற்றுக்கு அதுவே கடைசி எல்லை. நம் கண்ணுக்குப் பச்சை, மஞ்சள் நன்றாகத் தெரிவதால், நீலம் போய்விட்ட சாயத் தண்ணீரில் தட்டு உண்மை நிலையைவிட நல்லதாகவே காட்டும். கொஞ்சம் குறைத்தே கணக்கிடுங்கள்.

கழிவுச் சந்தேகத்துக்கு வருகிறேன். மழையோடு வந்து, உப்பு ஏற ஏற வெளிறும் நிறம் பெரும்பாலும் இலைச்சாயம்தான். வெயிலே அதைச் சிதைத்து வெளிறவைக்கும். கோடையில், மழையில்லாமல், ஒரு வாய்க்கால் வாயில் மட்டும் நாற்றத்தோடும் எண்ணெய்ப் படலத்தோடும் நிறம் கண்டால், போத்தலில் மாதிரி எடுத்து, திகதியும் நேரமும் எழுதி, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள்.