குறும்பதிவில் கடை விரிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பவானியில் தலைமுறைகளாக ஜமக்காளம் விற்கும் கடை எங்களுடையது. ஓராண்டாக எக்ஸ் தளத்தில் கணக்கு வைத்து, தினமும் காலை வணக்கத்துடன் ஒரு படமும் போட்டு வருகிறோம். ‘கடை விரித்தோம், கொள்வாரில்லை’ என்ற நிலைதான். நிறுத்திவிடலாமா? – வாசகர், பவானி

பதில்: காலை வணக்கத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். கணக்கை நிறுத்துவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

இந்தத் தளம் ட்விட்டர் என்ற பெயரில் இருந்த காலத்தில், அதன் வழியாக விற்றுக் காட்டியவர்கள் என்று எல்லோரும் சொன்னது டெல் கணினி நிறுவனத்தைத்தான். 2007-இல் தொடங்கிய அதன் ‘டெல் அவுட்லெட்’ கணக்கு, திரும்பி வந்து சீர்செய்யப்பட்ட கணினிகளைக் குறைந்த விலைக்கு விற்றது. ட்விட்டர் வழியாக மொத்தம் 65 லட்சம் டாலருக்கு விற்பனை நடந்ததாக 2009 டிசம்பரில் டெல் அறிவித்தது. ஆண்டுக்கு 5,000 கோடி டாலருக்கு மேல் வருவாய் பார்த்த நிறுவனத்துக்கு அது மிகச் சிறிய தொகை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அது ஏன் பலித்தது என்பதில்தான் உங்களுக்கான பாடம் இருக்கிறது. திரும்பி வரும் கணினி எந்த நாளில் எத்தனை இருக்கும் என்பது யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. இருப்பதும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே ‘இன்று இது இருக்கிறது, இந்த விலை’ என்பதே வாங்குபவருக்கு ஒரு செய்தியாக இருந்தது. அந்தக் கணக்கைப் பின்தொடர அவருக்கு ஒரு காரணமும் இருந்தது.

உங்களிடமும் அப்படிப்பட்ட செய்திகள் இருக்கின்றன. தறியிலிருந்து இறங்கும் உருப்படிகள் எண்ணி எடுக்கக்கூடியவைதாமே? ஒரு பதிவை இப்படி எழுதிப் பாருங்கள்: “பவானி கைத்தறி ஜமக்காளம், 6 அடிக்கு 4 அடி, சிவப்பு பச்சைப் பட்டை. இன்று தறியிலிருந்து இறங்கியவை 12. முதல் சலவையைத் தனியாகச் செய்யுங்கள். விலையும் மற்ற நிறங்களும் இணைப்பில்.” எக்ஸ் தளம் மெய்ப்புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனியாகக் கணக்கிடுவதால், நம் கண்ணுக்கு ஆறு எழுத்தாகத் தெரியும் ‘ஜமக்காளம்’ அங்கே ஒன்பதாகிவிடும். எவ்வளவு நீளமான இணைப்பும் 23 எழுத்தாகவே எண்ணப்படும். இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் மேலே உள்ள பதிவு, கட்டணமில்லாத கணக்குக்குரிய 280 எழுத்துக்குள் தாராளமாக அடங்கும். கைத்தறி ஜமக்காளத்தையும் விசைத்தறிப் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எதைப் பார்த்து வேறுபாட்டைக் கண்டுகொள்வது என்று படத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். நூறு காலை வணக்கங்களைவிட அந்த ஒரு பதிவு அதிகம் பகிரப்படும் என்றே நினைக்கிறேன்.

எதை அளப்பது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பின்தொடர்வோர் எண்ணிக்கை கல்லாவுக்கு வராது. அந்த இணைப்பின் வழியாக எத்தனை பேர் உங்கள் விலைப்பட்டியலைப் பார்த்தார்கள், எத்தனை பேர் வாட்ஸ்அப்பில் விசாரித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருந்தால், தயங்காமல் மூடிவிட்டு இன்ஸ்டாகிராமில் கவனம் செலுத்துங்கள். எல்லா வியாபாரத்துக்கும் எல்லாத் தளமும் ஒத்துவர வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை.

கேள்வி: நாங்கள் வெட் கிரைண்டர் தயாரிக்கிறோம். ‘வாங்கிய மூன்றாம் மாதமே நின்றுவிட்டது, கஸ்டமர் கேரில் போனை எடுப்பதே இல்லை’ என்று ஒருவர் எங்களை டேக் செய்து எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்துவிட்டார்கள். அவரை பிளாக் செய்துவிடலாம் என்கிறார் எங்கள் மேலாளர். – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பிளாக் செய்தால் அவருடைய பதிவு உங்கள் கண்ணுக்கு மறையுமே தவிர, ஊர் கண்ணுக்கு மறையாது. நீங்கள் பிளாக் செய்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவர் போடும் அடுத்த பதிவு முதல் பதிவைவிட வேகமாகப் பரவும்.

அமெரிக்காவின் கேபிள் நிறுவனமான காம்காஸ்ட், வாடிக்கையாளர் சேவையில் மிக மோசமான பெயரெடுத்திருந்த 2008-ஆம் ஆண்டில், அதன் சேவைப் பிரிவைச் சேர்ந்த ஃபிராங்க் எலியாசன் என்ற அதிகாரி ட்விட்டரில் தங்கள் நிறுவனத்தைத் திட்டுபவர்களைத் தேடிப் போய், என்ன சிக்கல் என்று கேட்டுத் தீர்த்துவைக்கத் தொடங்கினார். திட்டியவர்களே வியந்து பாராட்டி எழுதினார்கள். மற்ற நிறுவனங்களும் அந்த வழியைப் பின்பற்றின. அவர் எழுதிய வாசகங்களில் அழகு எதுவுமில்லை. கோளாறைச் சரிசெய்ய ஆளனுப்பும் பிரிவிலேயே அவர் இருந்தார் என்பதுதான் விஷயம். ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று மட்டும் எழுதத் தெரிந்த ஒருவரை அந்த இடத்தில் உட்கார வைத்திருந்தால் கோபம் இன்னும் கூடியிருக்கும்.

உங்கள் பதில் அவருடைய பதிவின் கீழே, எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும்: “வணக்கம். மூன்றே மாதத்தில் இயந்திரம் நின்றதற்கும் போனை எடுக்காததற்கும் மன்னிக்கவும். வாரண்டி காலத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. பில் எண்ணையும் முகவரியையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மெக்கானிக் வரும் நேரத்தை நாளை மாலைக்குள் சொல்கிறோம்.” பில் எண்ணையோ தொலைபேசி எண்ணையோ பொதுவெளியில் கேட்கவே கூடாது. இப்படிப் புகார் எழுதுபவர்களைக் குறிவைத்து, நிறுவனத்தின் பெயரைப்போலவே பெயர் வைத்துக்கொண்டு, ‘இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று பதில் எழுதிப் பணம் பறிக்கும் போலிக் கணக்குகள் ஏராளமாக உலவுகின்றன; நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம். வேலை முடிந்தபின் அதே இடத்தில் ஒரு வரி எழுதி விஷயத்தை முடித்துவையுங்கள். அப்புறம், அந்த போனை எடுக்க முதலில் ஓர் ஆளைப் போடுங்கள்!

கேள்வி: எங்கள் கல்வி அறக்கட்டளையில் ஒரு பதிவு வெளியாக மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு நாளாகிறது. பொறுப்பை ஓர் இளைஞரிடமோ வெளி முகமையிடமோ ஒப்படைத்துவிடலாமா? – வாசகர், திருச்சி

பதில்: 2013 பிப்ரவரி 3 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போய், ஆட்டம் 34 நிமிடம் நின்றது. அந்த இடைவெளியிலேயே ஓரியோ பிஸ்கட் நிறுவனம், இருட்டிலும் பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துச் சாப்பிடலாம் என்ற பொருளில் ஒரு படத்தை வெளியிட, அது உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஏதோ ஒரு கெட்டிக்காரரின் சமயோசிதம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், விளம்பர முகமையின் ஆட்களும் ஒப்புதல் தர அதிகாரம் பெற்ற நிறுவனத்தாரும் அன்றிரவு ஒன்றாக உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து அங்கேயே கிடைத்தது, அதனால்தான் வேகம்.

ஆகவே மூன்று கையெழுத்தை ஒன்றாக்குங்கள். கையெழுத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேர்க்கைத் தேதி, கட்டணம், விண்ணப்ப வழி போன்ற அன்றாடக் கேள்விகளுக்கான விடைகளை ஒருமுறை ஒப்புதல் பெற்று வைத்துக்கொண்டால், அவற்றை யாரும் உடனே பதிலாகத் தரலாம். கல்விக்கொள்கை, சாதி, அரசியல் தொடர்பானவை மட்டும் மேலே போகட்டும்.

வெளி முகமையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2011 மார்ச்சில் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கிலிருந்து, டெட்ராய்ட்காரர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று கெட்ட வார்த்தையுடன் ஒரு பதிவு வெளியானது. அதை எழுதிய முகமை ஊழியர், தன் சொந்தக் கணக்கு என்று நினைத்து எழுதியிருக்கிறார். அவருக்கு வேலை போயிற்று. முகமையின் ஒப்பந்தத்தையும் கிரைஸ்லர் புதுப்பிக்கவில்லை. நிறுவனக் கணக்கை ஊழியரின் சொந்த போனில் வைக்காதீர்கள். கடவுச்சொல்லை மீட்கும் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் அறக்கட்டளையின் பெயரிலேயே இருக்கட்டும். அந்த இளைஞர் வேறு வேலைக்குப் போகும் நாளில் இதன் அருமை புரியும்.

கேள்வி: பணம் கொடுத்தால் எங்கள் ஹேஷ்டேகை டிரெண்டிங்கில் கொண்டுவருவதாக ஒரு முகமை சொல்கிறது. நம்பலாமா? – வாசகர், மதுரை

பதில்: கொண்டுவருவார்கள், கூலிக்கு எழுதும் கணக்குகள் அரை நாள் கூவிவிட்டு ஓய்ந்துவிடும். வாங்குபவர் ஒருவர்கூட அதில் இருக்கமாட்டார். உண்மையாகவே பரவினாலும் கடிவாளம் உங்கள் கையில் இருக்காது. 2012 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் தன் உணவைப் பற்றிய இனிய நினைவுகளை எதிர்பார்த்து ஒரு ஹேஷ்டேகைக் காசு கொடுத்து முன்னிறுத்தியது. மக்கள் தங்கள் கசப்பான அனுபவங்களைக் கொட்டத் தொடங்கவே, சில மணி நேரத்துக்குள் அந்த விளம்பரத்தை நிறுத்திக்கொண்டது. அந்தப் பணத்தைச் சேமியுங்கள்.

கேள்வி: கூ செயலியில் பாடுபட்டுச் சேர்த்த பின்தொடர்வோர் அனைவரும் போய்விட்டார்கள். இனி எந்தத் தளத்தை நம்புவது? எக்ஸில் பணம் கட்டி, பெயருக்குப் பக்கத்தில் வரும் நீலக் குறி வாங்குவது பயன் தருமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: எந்தத் தளத்தையும் முழுவதும் நம்ப வேண்டாம். இந்திய மொழிகளுக்கென்று 2020-இல் வந்த கூ 2024 ஜூலையில் மூடப்பட்டது. பிழைத்திருக்கும் ட்விட்டரும் கைமாறி, 2023-இல் பெயர் மாறி, விதிகளும் மாறிவிட்டன. உங்களுக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு இருந்தால் அதைக்கொண்டே த்ரெட்ஸ் என்ற குறும்பதிவுத் தளத்தில் சேரலாம். அங்கே ஒரு பதிவுக்கு 500 எழுத்து வரை இடமுண்டு. எங்கே எழுதினாலும், படிப்பவரை உங்கள் சொந்த இணையதளத்துக்கு அழைத்து வந்து, அவர் விருப்பத்துடன் மின்னஞ்சலையோ வாட்ஸ்அப் எண்ணையோ பெற்று வையுங்கள். தளம் மூடினாலும் அந்தப் பட்டியல் உங்களுடையது.

நீலக் குறியை நம்பகத்தன்மைக்குச் சான்று என்று இப்போது யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 2022 நவம்பரில், பணம் கட்டி நீலக் குறி வாங்கிய ஒரு போலிக் கணக்கு, எலை லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் ‘இனி இன்சுலின் இலவசம்’ என்று அறிவித்து, அந்த நிறுவனமே மறுப்பு வெளியிட்டு வருத்தம் தெரிவிக்கும்படி ஆயிற்று. உங்கள் இணையதளத்தின் தொடர்புப் பக்கத்திலும் பில்லின் அடியிலும் உங்கள் உண்மையான கணக்குகளின் பெயர்களை அச்சிடுங்கள். வாடிக்கையாளர் சரிபார்த்துக்கொள்ள அதுவே போதும்.